நீலகிரிச் சின்கோனாவும் புற்றுநோய் மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உயிரணு தன் பழுதுற்ற உட்கூறுகளைத் தானே செரித்து மீளப் பயன்படுத்துவது தன்னுண்ணல் (ஆட்டோபேஜி) எனப்படும். 1963இல் கிறிஸ்தியான் டி டூவ் இப்பெயரைச் சூட்டினார். ஈஸ்ட்டில் இதற்குரிய மரபணுக்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

இருமுகப் பணி

தன்னுண்ணல் புற்று தோன்றுவதைத் தடுக்கவல்லது. வேரூன்றிய கட்டிக்கோ மருந்தின் தாக்குதலைத் தாங்கும் அரணாகிறது. அவ்வரணைத் தகர்க்க ஆய்வாளர்கள் மலேரியா மருந்துகளான குளோரோகுயினையும் ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் நாடினர். இவை லைசோசோமின் செயலைக் குலைத்து இறுதிச் செரிமானத்தைத் தடுக்கின்றன.

கொங்குத் தொடர்பு

கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து கொணர்வித்த சின்கோனா, 1860களில் மக்ஐவரின் மேற்பார்வையில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரானது. 1868 வரை நீலகிரி, இன்றைய திருப்பூர் வட்டாரத்தையும் உள்ளடக்கிய கோயம்புத்தூர் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. சின்கோனாப் பட்டை தந்த குயினைனுக்கு மாற்றுத் தேடியே, 1934இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஆண்டர்சாக் குளோரோகுயினைத் தொகுத்தார்.

முடிவுரை

புற்றுநோய்க்கான மருத்துவச் சோதனைகளில் இம்மருந்துகள் கலப்பான முடிவுகளையே தந்துள்ளன. நலமான உயிரணுக்களுக்கும் தன்னுண்ணல் இன்றியமையாதது. ஆதலின் எக்கட்டியில், எந்நிலையில் அதனைத் தடுப்பது என்பதே இன்றைய ஆய்வின் மையவினா.