காத்மாண்டுவில் வாழ்க்கைச் செலவு

நேபாளத்தின் தலைநகரான காத்மாண்டு, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த நகரம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 8.6 லட்சம் பேரும், காத்மாண்டு மாவட்டத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்டோரும் வாழ்கின்றனர். தெற்காசியத் தலைநகரங்களுள் செலவு குறைந்தது என்று இந்நகருக்குப் பெயர் உண்டு. டாலரிலோ ரியாலிலோ சம்பாதிப்பவருக்கு அது பொருந்தும். உள்ளூர்க் கூலியில் குடும்பம் நடத்துபவருக்குப் பொருந்துவதில்லை. பள்ளத்தாக்குக்குள் விளைவதும் மனித உழைப்பால் ஆவதும் இங்கே மலிவு; மலையேறியும் எல்லை கடந்தும் வருவது விலை கூடியது. குடும்பச் செலவின் ஒவ்வொரு இனத்திலும் இந்த வேறுபாட்டைக் காணலாம்.

விலைகளின் அடித்தளம் நாணயம். 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற மாற்று விகிதம் மாறாமல் இருந்துவருகிறது. நாட்டின் இறக்குமதியில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருவதால், இந்தியச் சந்தையின் விலையேற்றம் அப்படியே காத்மாண்டுவுக்கும் வந்துசேர்கிறது. அதற்குமேல் எல்லைச் சுங்கமும், 1997இல் அறிமுகமாகி இப்போது 13 விழுக்காடாக உள்ள மதிப்புக்கூட்டு வரியும், மலைப்பாதையில் ஏறிவரும் லாரி வாடகையும் சேர்கின்றன. இந்தியாவின் முடிவுகளும் உடனே உறைக்கின்றன. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது காத்மாண்டுச் சந்தையில் வெங்காய விலை ஓரிரு நாளில் எகிறியது. விலைவாசிக் குறியீட்டைக் கணிக்கும் நேபாள ராஷ்டிர வங்கி, காத்மாண்டுப் பள்ளத்தாக்கு, தராய் சமவெளி, குன்றுப் பகுதி, உயர்மலைப் பகுதி என நான்காகப் பிரித்தே வெளியிடுகிறது. நாடு சிறிதானாலும் விலை ஒன்றாக இல்லை.

நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்கு முதல் சுமை வாடகை. படிப்புக்கும் வேலைக்கும் மலை மாவட்டங்களிலிருந்து வந்தவர்களில் மிகப் பலர் வாடகைக்கே குடியிருக்கின்றனர். தனி வீடு எடுப்பது அரிது. நான்கைந்து மாடி உயர்ந்த கான்கிரீட் வீட்டில் உரிமையாளர் ஒரு தளத்தை வைத்துக்கொண்டு, மற்றத் தளங்களை முழுதாகவோ அறை அறையாகவோ விடுவார். தரைத்தளம் ஷட்டர் போட்ட கடைகளுக்குப் போகும். நகரைச் சுற்றிவரும் ரிங் ரோட்டுக்கு வெளியே ஓர் அறை மாதம் 5,000 முதல் 10,000 நேபாள ரூபாய்க்குள் கிடைக்கக்கூடும். இரண்டு படுக்கையறையுள்ள தளத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கேட்பார்கள். வாடகையைக் கூட்டுபவை மூன்று: சாலையின் அகலம், தண்ணீர், வெயில். காத்மாண்டுவின் குளிர்காலத்தில் வீடுகளுக்குப் பொது வெப்ப ஏற்பாடு எதுவும் இல்லை. அதனால் தெற்கு நோக்கிய, வெயில் விழும் அறைக்குத் தேவை அதிகம். இருண்ட தரைத்தள அறை மலிவு. அங்கே குடியிருப்பவர் அந்த மிச்சத்தின் ஒரு பகுதியை ஹீட்டருக்கும் கம்பளிக்கும் கொடுத்துவிடுகிறார்.

சொந்த வீடு என்பது நிலத்தின் விலை. நகர நிலத்தை இங்கே ஆனா கணக்கில் விற்கிறார்கள். 16 ஆனா ஒரு ரோபனி, ஓர் ஆனா ஏறக்குறைய 32 சதுர மீட்டர். நல்ல சாலையோரத்தில் ஓர் ஆனாவே பல லட்சங்களைத் தாண்டும். வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்தில் கணிசமான பகுதி இந்த ஆனாக்களில்தான் முடங்குகிறது. நகரத்துக்குள்ளேயே சம்பளம் வாங்குபவருக்கு இது எட்டாத உயரம்.

வாடகையோடு ஒட்டி வருபவை மின்சாரமும் தண்ணீரும். 5 ஆம்பியர் இணைப்புள்ள வீட்டுக்கு மாதம் முதல் 20 யூனிட்டுக்கு மின் ஆற்றல் கட்டணம் இல்லை. அதற்குமேல் படிப்படியாக உயரும். ஆனால் அறை எடுத்துக் குடியிருப்போருக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் எட்டுவதில்லை. ஒரே மீட்டரில் பல குடும்பங்கள் இருப்பதால் பயன்பாடு மேல் படிக்குப் போய்விடுகிறது. வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து, தாம் வகுத்த விகிதத்தில், அரசு விகிதத்தைவிடக் கூட்டி வசூலிப்பது வழக்கமாகியிருக்கிறது. குறைந்த வருவாயினருக்கென்று வகுத்த சலுகை அவர்களுக்கே கிடைக்காமல் போவது நகரின் வெளிப்படையான அநீதிகளுள் ஒன்று. மின்வெட்டைப் பொறுத்தவரை நிலைமை பெரிதும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் குளிர்காலத்தில் நாளுக்குப் பதினாறு மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்தது. 2016இல் மின்சார ஆணையத்தின் தலைமைக்குக் குல்மான் கிசிங் வந்தபின் தலைநகரில் அது முடிவுக்கு வந்தது. இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் குடும்பங்கள் செய்துவந்த செலவு அதோடு நின்றது.

தண்ணீருக்கு அப்படியொரு தீர்வு இன்னும் வரவில்லை. மல்ல மன்னர் காலத்துக்கு முன்பிருந்தே கட்டப்பட்டுவந்த கல் நீர்த்தாரைகள் சிலவற்றில் இன்றும் மக்கள் வரிசையில் நின்று பிடிக்கிறார்கள். மேலாம்ச்சி ஆற்றின் நீரை சுமார் 27 கிலோமீட்டர் சுரங்கம் வழியே நாளுக்கு 17 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின் 2021 மார்ச்சில் நகரை எட்டியது. அதே ஆண்டு ஜூன் மாத வெள்ளம் ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் பகுதியைச் சிதைத்தது. அதன்பின் வறண்ட மாதங்களில் தண்ணீர் வருகிறது, மழைக்காலத்தில் நிறுத்தப்படுகிறது. எனவே குழாய்க்கு ஒரு கட்டணம், தொட்டி நிரப்பும் டாங்கர் லாரிக்கு ஒரு தொகை, குடிக்க 20 லிட்டர் ஜாருக்கு ஒரு விலை என ஒரே தண்ணீருக்கு மூன்று இடத்தில் பணம் போகிறது.

உணவில் காத்மாண்டு மெய்யாகவே மலிவு. அன்றாடச் சாப்பாடு தால் பாத்: சோறு, பருப்பு, ஒரு காய்க்கறி, கீரை, ஊறுகாய். காலை ஒன்பது, பத்து மணிக்கே முழுச்சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டு அலுவலகம் போவதும், இரவில் மீண்டும் அதையே உண்பதும் இந்நகரின் பழக்கம். நடுப்பகலில் அவலோ மோமோவோ சமோசாவோ போன்ற சிற்றுண்டி மட்டும் போதும். மதிய உணவுக்கு வெளியே பெருஞ்செலவு ஆகாததற்கு இந்த வேளைக்கணக்கே காரணம். சாதாரண உணவுக்கடையில் தால் பாத் வாங்கினால் சோறும் பருப்பும் மறுமுறை கேட்டாலும் தனி விலை போடமாட்டார்கள். பத்து மோமோ கொண்ட தட்டு எருமை இறைச்சியில் மலிவு, கோழியில் சற்றுக் கூடுதல். தமேல் போன்ற சுற்றுலாப் பகுதிகளில் அதே தட்டின் விலை வேறு.

காய்கறி விலை காலிமாட்டி மொத்தச் சந்தையில் தீர்மானமாகிறது. அச்சந்தை நாள்தோறும் கிலோவுக்குக் குறைந்த, உயர்ந்த, சராசரி விலைகளை வெளியிடுகிறது. தாதிங், காவ்ரே போன்ற அண்டை மாவட்டங்களிலிருந்து வரும் முட்டைக்கோசும் கடுகுக்கீரையும் பருவத்தில் மிக மலிவு. குளிர்காலக் கீரையை நொதிக்கவைத்து உலர்த்திய குந்த்ருக், காய்கறி அருகிய மாதங்களுக்கு ஏழை வீட்டின் சேமிப்பு. அரிசி, வெங்காயம், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கு வெளிநாட்டை நம்பவேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மண்சரிவு நெடுஞ்சாலையை மறித்தால் விலை உடனே ஏறும். 2024 செப்டம்பர் இறுதியில் பெய்த பெருமழை தலைநகருக்கு வரும் சாலைகளை அறுத்தபோது, தசைன் திருவிழாவுக்குச் சற்று முன்பு காய்கறிகள் கடும் விலைக்குப் போயின.

எரிபொருள் முழுதும் இந்திய எண்ணெய் நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்டு, அரசின் நேபாள எண்ணெய்க் கழகம் வழியே விற்கப்படுகிறது. இந்தியாவின் மோத்திஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் குழாய்வழி 2019இல் திறக்கப்பட்டது. சமையல் காஸ் மட்டும் இன்னும் லாரியில்தான் ஏறிவருகிறது. 14.2 கிலோ சிலிண்டர் 2025இல் சுமார் 1,900 ரூபாயாக இருந்தது. 2015 நிலநடுக்கத்தை அடுத்து வந்த எல்லை முடக்கத்தின்போது நகரவாசிகள் பாதி நிரப்பிய சிலிண்டருக்கு வரிசையில் நின்றனர். மொட்டைமாடியில் விறகு மூட்டிச் சமைத்தனர். அந்த நினைவு இருப்பதால் வசதியுள்ள வீடுகளில் இரண்டு, மூன்று சிலிண்டர் இருப்பு வைப்பதும், கூடவே மின் அடுப்பு வாங்குவதும் வழக்கமாகிவிட்டன.

நகருக்குள் பயணச் செலவு குறைவு. மைக்ரோபஸ், சாஜா யாதாயாத் பேருந்துகள், 1990களில் வந்த மின்கல மூன்றுசக்கர சஃபா டெம்போக்கள் ஆகியவற்றில் சில பத்து ரூபாய்க்குப் பயணம் செய்யலாம். சஃபா டெம்போக்களைப் பெண்கள் பலர் ஓட்டுகிறார்கள். விலை கூடியது சொந்த வாகனம். இறக்குமதி வரிகளின் அடுக்கால் பெட்ரோல் கார் இந்தியாவில் விற்கும் விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். வரி குறைந்த மின்கார்கள் பக்கம் வாங்குவோர் திரும்பியதும், ஏனையோர் மோட்டார் சைக்கிளோடு நிற்பதும் இதனால்தான்.

பள்ளிக் கட்டணத்தை மலிவான பட்டியலில் சேர்க்க முடியாது. அரசுப் பள்ளி இருந்தும், ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்காகவே கிராமத்தை விட்டுத் தாயும் பிள்ளைகளும் காத்மாண்டுவில் அறை எடுத்து இருப்பதும், தந்தை வளைகுடா நாட்டில் உழைப்பதும் பரவலான குடும்ப அமைப்பு. மருத்துவத்துக்கு அரசின் நலக்காப்பீட்டில் ஐந்து பேர் குடும்பம் ஆண்டுக்கு 3,500 ரூபாய் செலுத்தி ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். பெரிய நோய்க்கு அத்தொகை விரைவில் தீர்ந்துவிடும்.

குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஜூலை நடுவிலிருந்து 19,550 ரூபாய். இந்தியப் பணத்தில் சுமார் 12,200. இரண்டு சிறு அறை, காஸ், தண்ணீர், பேருந்து என்று கழித்தால் அரிசிக்கும் பள்ளிக்கும் மிஞ்சுவது சொற்பம். ஆகவே இருவர் சம்பாதிப்பதோ வெளிநாட்டுப் பணம் வருவதோ இல்லாமல் ஒரு குடும்பம் நகரில் நிலைப்பது கடினம். கிராமத்து நிலத்திலிருந்து வரும் அரிசி மூட்டையும் பருப்பும் எந்த விலைக்குறியீட்டிலும் பதிவாவதில்லை. பல அறைக்குடும்பங்களைத் தாங்குவது அதுவே.

ஆண்டின் பெருஞ்செலவு தசைன். 2017 தொழிலாளர் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் திருவிழாப் படியாகக் கிடைக்கவேண்டும். அது புத்தாடைக்கும், ஊருக்குப் போகும் பேருந்துக் கட்டணத்துக்கும், உயிரெடை கிலோ கணக்கில் விற்கும் கிடாவுக்கும் போகிறது. அரசின் உணவு நிறுவனம் அப்போது கிடாவையும் அரிசியையும் சலுகை விலையில் விற்கும். முறைசாரா வேலையிலுள்ள கட்டடத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர், சிற்றுண்டிக்கடைப் பையன்கள் பெரும்பாலோருக்கு அந்தப் படி கைக்கு வருவதில்லை. அவர்களின் தசைன் செலவு கடனில் நடக்கிறது. அக்கடனுக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு, மூன்று வட்டி கட்டி அடைப்போரும் உண்டு.