கருங்குழிச் சாலையில் பாரம்: மாட்டிலிருந்து டீசலுக்கு

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையில், பாலாற்றுக்குத் தெற்கே அமைந்த ஊர் கருங்குழி. 18ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த கோட்டையைக் கைப்பற்ற நடந்த போர்களில் படைபலத்துக்கு இணையாக இழுவைபலமும் எடை போடப்பட்டது. பீரங்கியையும் குண்டையும் அரிசியையும் ஆற்று மணலைக் கடந்து கொண்டுவர மாடுகளே வேண்டியிருந்தன.

1759 டிசம்பரில் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தார். 1781 ஜனவரியில், மைசூரை ஆண்ட ஹைதர் அலியுடனான போரில், கூட்டின் படையைச் சேர்ந்த கேப்டன் டேவிஸ் அதை மீண்டும் கைப்பற்றினார். அந்தப் போர் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை வாட்டிய குறை மாட்டுப் பஞ்சம். வென்ற இடத்திலும் எதிரியைத் துரத்திச் செல்ல முடியவில்லை. ஹைதரிடமோ மைசூர் அரசு தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்த மாட்டினம் இருந்தது; பின்னாளில் அவர் மகன் திப்பு அதற்கு அம்ருத் மகால் என்று பெயரிட்டார். 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் தோற்றபோதும் ஹைதர் தம் பீரங்கிகளைக் கைவிடாமல் மீட்டுச் சென்றார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அந்த மந்தை கம்பெனியின் கைக்கு வந்தது.

அமைதிக்காலத்தில் இந்தச் சாலையின் பாரத்தைச் சுமந்தது கட்டை வண்டி. நுகத்தடியில் பூட்டிய ஒரு ஜோடி மாடு தொடர்ந்து இழுக்கும்போது தருவது ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன்தான். ஆனால் நின்ற வண்டியை நகர்த்தும் அந்த முதல் நொடியில் மாடு தன் வழக்கமான இழுப்பைவிடப் பல மடங்கு விசையைக் காட்டும். சேற்றில் புதைந்த சக்கரத்தை மீட்பது அந்த விசையே. இரும்புப் பட்டா போட்ட சக்கரம் ஈர மண்ணில் ஆழமாக இறங்கும். காற்றடைத்த ரப்பர் டயர் வந்ததும் தரையின் தடை குறைந்தது; அதே ஜோடி கூடுதல் பாரம் இழுத்தது. ஊரார் அதை டயர் வண்டி என்றார்கள்.

வண்டியிலிருந்து எஞ்சினுக்கு நடந்த மாற்றத்தைச் சென்னையின் சிம்சன் நிறுவனத்தின் வரலாற்றிலேயே காணலாம். 1840இல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கிய அது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிக்கும் 1950களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினுக்கும் வந்தது. அடுத்த பத்தாண்டில் அதே குழுமத்தின் டாஃபே, மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது.

டிராக்டரின் வலிமையைக் குதிரைத்திறனை மட்டும் வைத்து அளக்க முடியாது. மாஸி ஃபெர்குசன் 1035க்கு ஏறத்தாழ 36 குதிரைத்திறன். மாருதி 800 காருக்கு 37. கார் அதை நிமிடத்துக்கு 5,000 சுழற்சியில் எட்டுகிறது; டிராக்டர் எஞ்சின் ஏறத்தாழ அதில் பாதிச் சுழற்சியிலேயே தருகிறது. சுழற்சி பாதியானால் அதே திறனுக்கு முறுக்குவிசை இருமடங்காகும். குறைந்த கியர் அதைப் பின்சக்கரத்தில் மேலும் பெருக்குகிறது. டிரெய்லரின் முன்பாரமும் பின்சக்கரத்தை அழுத்துவதால் பிடிப்பு கூடுகிறது. கொக்கியை அளவுக்கு மேல் உயரத்தில் மாட்டினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்.

கருங்குழியை அடுத்த படாளத்தில் உள்ள மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இந்த இழுவைக்குப் பெரிய வேலை கொடுத்தது. வெட்டிய கரும்பு காத்திருந்தால் சர்க்கரைச் சத்து இறங்கும் என்பதால் வயலிலிருந்து ஆலைக்கு விரைவாகப் போய்ச் சேர வேண்டும். உழவு முடிந்ததும் கலப்பையைக் கழற்றி டிரெய்லரை மாட்ட முடிவதால் ஒரே எஞ்சின் இரு வேலைக்கும் உதவியது.

சில்லறைப் பாரத்துக்கு 1986இல் டாடா 407உம், 2005இல் டாடா ஏஸும் வந்தன. ஏஸின் 702 சிசி இரட்டைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் 16 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது. ஊரக வழிகளில் முக்கால் டன் ஏற்ற அதுவே போதுமானதாக இருந்தது. எரிபொருள் செலவும் கட்டுப்படியானது. மாடு வாங்கியவர் தீவனத்தையும் வழியையும் பாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார். எஞ்சின் வாங்குபவரும் டீசலையும் வழியையும் பாரத்தையும் அப்படியே கணக்கிடுகிறார். வேகம் அதற்குப் பிறகே வருகிறது.