திருமறைக்காடும் உப்பும்

சோழநாட்டின் தென்கீழ்க் கோடியில், வங்கக் கடற்கரை மேற்கே திரும்பிப் பாக்கு நீரிணையை நோக்கும் இடத்தை அடுத்து அமைந்துள்ளது திருமறைக்காடு என்னும் வேதாரண்யம். ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் அங்கு வந்து குவியும் யாத்திரிகர்களுள் பெரும்பாலோர், மறைக்காட்டு ஈசனைத் தரிசித்து, கோடிக்கரையின் ஆதிசேதுவில் நீராடி, அன்று மாலையே ஊர் திரும்பிவிடுகிறார்கள். வழிநெடுக வெண்மையாக விரிந்து கிடக்கும் உப்பளங்களை அவர்கள் பார்க்காமலில்லை. ஆயினும் அவற்றையும் அந்த க்ஷேத்திரத்தின் ஓர் அங்கமாக எவரும் எண்ணுவதில்லை. இவ்வூரின் வியாபாரத்துக்கும், இங்கு வந்து கூடும் பறவைகளுக்கும், தேசத்தின் விடுதலைக்காக இவ்வூர் செய்த தியாகத்துக்கும் மூலகாரணம் அந்த உவர்நிலமே என்பதும், உப்பை அறியாதவர் வேதாரண்யத்தை முழுதும் அறிந்தவராகார் என்பதும் என் துணிபு.

கோடிக்கரையிலிருந்து மேற்கே அதிராம்பட்டினம் வரையில் ஏறக்குறைய 48 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெருஞ் சதுப்பு நிலம் கிடக்கிறது. காவிரியின் கடைமடையில் முள்ளியாறு முதலிய சிற்றாறுகள் கொண்டுவரும் வெள்ளமும், கடல் பொங்கும்போது உட்புகும் உவர்நீரும், வடியச் சரிவின்றி அங்கேயே தேங்கி நிற்கும். மழைக்காலம் கழிந்து வெயில் முதிர முதிர அந்நீர் வற்றி, யாரும் பாத்தி கட்டாமலும் வரப்பு உயர்த்தாமலும், தரையெங்கும் உப்பு தானே பூத்துவிடும். பழந்தமிழ்ப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடுமிடத்து, உப்பு ஏற்றிய வண்டிகளோடு உள்நாட்டுக்குச் சாத்துச் சாத்தாகச் செல்லும் உமணரை மறவாமல் பாடியதன் காரணம், இத்தகைய கரையில் நின்று பார்ப்பவருக்கு விளங்காமற் போகாது.

தானே விளையும் உப்பையன்றி மனிதர் விளைவிக்கும் உப்பும் உண்டு. அத்தொழிலின் நுட்பம் நின்று பார்க்கத்தக்கது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும், அளத்தின் களிமண்ணை மிதித்து இறுக்கிப் பாத்திகளைச் செப்பனிடத் தொடங்குவார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புப் பொருள்களே கரைந்திருப்பதால், அந்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் காயவிட்டு, பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பின்னரே உப்பு பிரியத் தொடங்கும். முதலில் நீரின்மேல் மெல்லிய ஏடு ஒன்று படரும். அதில் சின்னஞ்சிறு சதுர மணிகள் தோன்றி, ஒன்றோடொன்று பற்றி வளர்ந்து, பாரம் தாங்காமல் அடியில் அமரும். நீண்ட காம்பு பூட்டிய மரப்பலகையால் ஆடவர் அவற்றை வாரி ஒதுக்க, பெண்கள் கூடைகளில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கரையில் அம்பாரமாகக் குவிப்பார்கள். எஞ்சிய கசப்பு நீரை உரிய காலத்தில் வடித்துவிடாவிட்டால் உப்பு கசந்து, ஈரம் வாங்கி, பண்டம் கெட்டுவிடும். சித்திரை வெயிலில், கண் கூசும் அந்த வெண்பரப்பின் நடுவே, வெறுங்காலோடு நாள் முழுதும் உழைக்கும் மக்களின் வாழ்க்கையைச் சற்றேனும் சிந்தியாமல் ஒருவர் இவ்வழியைக் கடந்து செல்வது நியாயமாகாது.

கோயிலின் பெருமை தமிழ்நாடு அறிந்தது. வேதங்களே வழிபட்டுத் திருக்காப்பிட்டுச் சென்ற கதவைத் திறக்க அப்பர் பெருமான் பதிகம் பாடியதையும், அதை மீண்டும் அடைக்கச் சம்பந்தர் பாடியதையும், ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவ்விருவரின் சரித்திரத்தோடு சேர்த்து நம் மக்கள் இன்றும் பக்தியுடன் கூறிவருகிறார்கள். விளக்குத் திரியைத் தற்செயலாகத் தூண்டிவிட்ட எலி மறுபிறப்பில் மாவலியாகப் பிறந்தது என்னும் புராணமும், வேதாரண்யம் விளக்கழகு என்னும் வழக்கும் இத்தலத்துக்கே உரியவை. ஆயினும் இப்பிரதேசத்தின் இயற்கையைக் கண்முன் நிறுத்துவது சுந்தரரின் கோடிக்கரைப் பதிகமே. சேரமான் பெருமாளோடு அங்கு வந்த சுந்தரர், கடற்காற்று மோதும் கானகத்தில் துணையின்றித் தனித்திருக்கும் குழகர் என்னும் ஈசனைக் கண்டு, இவ்விடத்தில் ஏன் இருந்தீர் என்று மனமுருகி வினவுகிறார். இறைவனுக்காக இரங்கும் அப்பாட்டில், அந்நாளைய கோடிக்கரையின் காடும், வேடரும், கரையில் அறையும் காற்றும் நமக்குக் கிடைத்துவிடுகின்றன.

அந்தக் காட்டின் மிச்சம் இன்றும் நிற்கிறது. கோடையிலும் இலை உதிராத பாலை மரங்கள் நிறைந்த வறண்ட பசுமைமாறாக் காடு, தமிழகக் கடற்கரையில் அருகிவிட்ட ஒன்று. அதன் இடையிலுள்ள புல்வெளிகளில் முறுக்கிய கொம்புடைய வெளிமான்கள் மந்தையாக மேய்கின்றன. அவற்றைக் காப்பதற்காகவே 1967-ல் இவ்விடம் வனவிலங்கு சரணாலயமாக்கப்பட்டது. 2002-ல் ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுள் ஒன்றாகவும் இப்பகுதி சேர்க்கப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து சதுப்பில் நீர் நிறைந்ததும், சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான் முதலாகப் பல்வகைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. பூநாரைகள் ஆழமற்ற நீரில் தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை அரித்து, பிற பறவைகளுக்கு எட்டாத நுண்ணுயிர்களை உண்ணும். மனிதருக்கு உணவளிக்கும் உவரே அவற்றுக்கும் உணவளிக்கிறது.

இனி, இவ்வுப்பு தேச சரித்திரத்தில் ஏறிய வரலாறு. 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை ராஜதானியில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது முதல், சதுப்பில் தானே பூத்த உப்பைக் கையால் அள்ளுவதும் குற்றமாயிற்று. 1930 ஏப்ரல் 6-ந் தேதி தண்டியில் காந்தியடிகள் சட்டத்தை மீறிய பின், அம்மாதம் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். அவர்களுக்கென நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை வழிநடைப் பாட்டு இயற்றித் தந்தார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ அளிப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவிட, குடியானவர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டு அகன்றார்கள். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை அவர்களை வரவேற்றார். 30-ந் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ளிச் சிறை புகுந்தார். போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை சென்ற வைரப்பன் என்னும் எளிய தொழிலாளியின் பெயரும், தலைவர்களின் பெயரோடு சேர்த்து இவ்வூரில் போற்றப்படுகிறது.

ராஜாஜி இக்கரையைத் தேர்ந்தது தற்செயலன்று. உப்பு தரையிலேயே விளையும் இடத்தில்தான், அதற்கு வரி கேட்பது எத்துணை அநீதி என்பது எழுத்தறியாதவருக்கும் விளங்கும். ஆகவே வேதாரண்யம் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு நான் கூறுவது இதுதான்: கோயிலைக் கண்டபின் அகஸ்தியம்பள்ளியின் நினைவுத் தூணருகே சென்று நில்லுங்கள், அளத்தில் உழைப்பவரிடம் தொழிலைப் பற்றிக் கேளுங்கள், ஒரு பகலேனும் ஒதுக்கிக் கோடிக்கரைக் காட்டில் நடந்து பாருங்கள். சீமைக் கருவேல் வெளிமானின் புல்வெளியைக் கவர்ந்துவருகிறது. அளங்கள் விரிந்தால் பறவைகளின் நீர்நிலை சுருங்கும். அளத்தொழில் நலிந்தாலோ பல குடும்பங்களின் வாழ்வு குன்றும். இம்மூன்றையும் ஒருங்கே காக்கும் பொறுப்பு அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று. அவ்வூரின் உப்பைத் தின்று வளர்ந்த நம் எல்லோருக்கும் உரியது.