கையெழுத்தும் உரையாடலும்: அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் குறித்த ஒரு மறுபார்வை

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பும், தோலில் முதற்கீறல் இடுவதற்கு முன்பும், நோயாளியை அறுவை அரங்கிலிருந்து வெளியே கொண்டுசெல்வதற்கு முன்பும் மருத்துவக் குழுவினர் சற்று நின்று, 19 செய்திகளை வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்துகொள்ள வேண்டும் எனக் கோருகிறது. படுத்திருப்பவர் யார், அறுக்க வேண்டிய பக்கம் எது, மருந்து ஒவ்வாமை உண்டா, தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் கடந்த 60 நிமிடங்களுக்குள் செலுத்தப்பட்டதா, பஞ்சுத்துணிகளின் எண்ணிக்கை சரியாக உள்ளதா என்பன போன்ற இக்கேள்விகளில் அரங்கில் நிற்போர் அறியாதது எதுவும் இல்லை. பட்டியலில் குறிப்பிடப்படும் கருவிகளுள், விரல்நுனியில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை அறியும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் ஒன்று.

டொராண்டோ, புதுதில்லி, அம்மான், ஆக்லாந்து, மணிலா, இஃபகாரா, லண்டன், சியாட்டில் ஆகிய எட்டு இடங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியல் சோதிக்கப்பட்டபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், கடுமையான சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஒப்பீட்டுக் குழு இன்றி, முன்னும் பின்னுமாக மட்டுமே அளந்த ஆய்வு அது என்பதால், அந்த வீழ்ச்சி முழுவதையும் பட்டியலின் பேரில் எழுதிவிட இயலாது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளின் தரவுகளைக் கொண்டு 2014இல் வெளியான ஆய்வில் இறப்பு 0.71 விழுக்காட்டிலிருந்து 0.65 ஆக மட்டுமே மாறியது. புள்ளியியல் நோக்கில் அது பொருட்படுத்தத்தக்க மாற்றமன்று. இதைக் கொண்டு பட்டியலே பயனற்றது என முடிவுகட்டுவது அவசரமாகும். அங்கு பட்டியல் கடைப்பிடிக்கப்பட்டதற்குச் சான்றாக இருந்தவை மருத்துவமனைகள் தாமே அளித்த அறிக்கைகள். ஒப்பிடப்பட்ட காலமோ முன்னும் பின்னும் மும்மூன்று மாதங்கள். படிவம் நிரப்பப்பட்டதை அவ்வறிக்கைகள் காட்டக்கூடும். அரங்கில் எவரேனும் வாய்திறந்து கேட்டனரா, மற்றவர் கைவேலையை நிறுத்திவிட்டுச் செவிகொடுத்தனரா என்பதை அவை காட்டமாட்டா.

இந்த வேறுபாடே இங்கு அடிப்படையானது. முதற்கீறலுக்கு முன் குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லவேண்டும் என்ற விதி வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆயினும் மூத்த அறுவை மருத்துவரின் முன் ஒருமுறைகூடக் குரல் எழுப்பியிராத இளம் செவிலியர், இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் கத்தி நெருங்கும் நொடியில் முதன்முதலாக வாய்திறப்பார் என எதிர்பார்ப்பது கடினம். பட்டியலை நடத்துபவர், பெரும்பாலும் ஒரு செவிலியர், ஐயம் தீரும்வரை குழுவை அடுத்த கட்டத்துக்குச் செல்லவிடாமல் நிறுத்தலாம் என வழிகாட்டி கூறுகிறது. படிநிலை இறுகிய அரங்குகளில் அந்த உரிமை தாளில் மட்டுமே உயிர்வாழும்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் தாமாக முன்வந்து, பட்டியலைத் தம் சூழலுக்கேற்ப மாற்றிக் குழுவினரைப் பயிற்றுவிக்கும் திட்டத்தை நிறைவுசெய்த 14 மருத்துவமனைகளில், 30 நாள் இறப்பு 2010இல் 3.38 விழுக்காடாக இருந்து 2013இல் 2.84 ஆகக் குறைந்தது. ஏனையவற்றில் அது குறையவில்லை. முன்வந்தவை இயல்பிலேயே அக்கறை மிகுந்தவையாக இருந்திருக்கலாம் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அந்த அக்கறையை வளர்ப்பதே பட்டியலின் பணி என்பதால், அம்மறுப்பு மேற்கூறிய வாதத்தை முறிப்பதில்லை.

மயக்க மருந்துக்கு முந்தைய கட்டத்தில் காட்டப்படும் கவனம், இறுதிக் கட்டத்தில் பெரும்பாலும் தளர்ந்துவிடுகிறது. அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், செவிலியர் ஆகிய மூவரும் நோயாளி மீள்வதில் கவனிக்க வேண்டியவற்றைப் பேசுமாறு கோரும் கட்டம் அது. அறுவைக்குப் பின் மூன்று மாதங்களைத் தாண்டியும் நீடிக்கும் வலியை நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு தனி நோய்நிலையாக ஏற்றுள்ள இன்று, வலி தணிக்கும் திட்டம் அந்த உரையாடலில் இடம்பெறாதிருப்பதற்குக் காரணம் ஏதுமில்லை. ஆதலால் தணிக்கை செய்வோர் கையெழுத்துகளை எண்ணுவதை விடுத்து, அரங்கினுள் நின்று அந்தக் கடைசிச் சில நிமிடங்களை நேரில் கவனிக்க வேண்டும்.