மெஜஸ்டிக் தப்பியது, போக் ஹவுஸ் இடிந்தது: பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவது எது?

ரவாங்கிலிருந்து கோமுட்டர் ஏறி, பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். சாலைக்கு எதிர்ப்புறம் வெள்ளையாக ஒரு பழைய கட்டடம் தெரியும். அதுதான் மெஜஸ்டிக் ஹோட்டல். தொண்ணூறு வயதைத் தாண்டிய அந்தக் கட்டடத்தில் இன்றும் நீங்கள் அறை எடுத்துத் தங்கலாம். அது எப்படிச் சாத்தியமானது?

இடையில் என்ன நடந்தது?

1932-இல் திறக்கப்பட்ட இந்த ஹோட்டலை 1983-இல் அரசாங்கம் கையகப்படுத்தியது. 1984 முதல் 1998 வரை தேசியக் கலைக்கூடம் இங்கேதான் இயங்கியது. அது இடம் மாறியதும் கட்டடம் சும்மா கிடந்தது. பிறகு ஒய்.டி.எல். குழுமம் அதைச் சீரமைத்து, 2012 டிசம்பரில் மறுபடியும் ஹோட்டலாகத் திறந்தது.

உள்ளே எத்தனை அறைகள்?

பழைய கட்டடத்தில் 47 சூட் அறைகள்தான். அதை மட்டும் நம்பி ஒரு பெரிய ஹோட்டலை நடத்துவது கஷ்டம். அதனால் பக்கத்திலேயே புதிய கோபுரம் எழுப்பி, அதில் 253 அறைகளை வைத்தார்கள். பழையதன் தலையில் மாடி ஏற்றவில்லை. வருமானத்துக்குப் புதுசு, வரலாற்றுக்குப் பழசு. இதுதான் அந்தக் கணக்கு.

சூட் அறை நம் பட்ஜெட்டுக்கு எட்டாதா? பரவாயில்லை. மாலைத் தேநீருக்குப் போனாலும் உள்ளே பார்க்கலாம்.

சட்டம் இருந்தால் போதுமா?

போதாது. ஜாலான் அம்பாங்கில் 1929-இல் கட்டி முடிக்கப்பட்ட போக் ஹவுஸ் மாளிகை, மெஜஸ்டிக்கை விட மூன்று வயது மூத்தது. பல ஆண்டுகள் உணவகமாகவும் இருந்தது. 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் 2006 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதே டிசம்பரில் மாளிகை இடிக்கப்பட்டது. பதிவேட்டில் ஏறாத கட்டடத்துக்கு அந்தச் சட்டம் குடை பிடிக்காது.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஓர் இடத்தைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் அமைச்சரிடம் முன்மொழியலாம். அச்சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது.

ரவாங்கும் வரலாறு இல்லாத ஊர் அல்ல. 1894-இல் தம்புசாமி பிள்ளையும் லோக் யூவும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தால் தண்ணீர் இறைத்தது இங்கேதான். அடுத்த முறை ஊரின் பழைய கடைவீடுகளைக் கடக்கும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். அதன் கதை தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். முன்மொழிவு அங்கிருந்துதான் தொடங்கும்.