அகில இந்திய வானொலி: தமிழ் நிலையங்களின் நாள் நிகழ்ச்சி

அகில இந்திய வானொலியின் சென்னை, திருச்சிராப்பள்ளி நிலையங்கள் முறையே 1938, 1939 முதல் தமிழில் நடத்திவரும் அன்றாட ஒலிபரப்பு. கச்சேரி, பேச்சு, நாடகம், செய்தி, உழவர் நிகழ்ச்சி, சிறுவர் நிகழ்ச்சி எல்லாம் ஒரே அலைவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வருவது இதன் தனி இயல்பு. கச்சேரி கேட்க உட்கார்ந்தவர் காதில் நெற்பயிர் நோயைப் பற்றிய பேச்சும் விழுந்தது. உழவர் நிகழ்ச்சிக்காகப் பெட்டியைத் திருப்பியவர் வீட்டில் நாடகமும் நுழைந்தது. இந்தக் கலப்பைத் திட்டமிட்டே பேணினார்கள். தமிழ் வானொலியின் சிறந்த ஆண்டுகள், இந்தக் கலப்பு குலையாமல் இருந்த ஆண்டுகளே.

தோற்றம்

சென்னையின் முதல் ஒலிபரப்பை அரசு தொடங்கவில்லை. ஆர்வலர்கள் தொடங்கினார்கள். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப் அமைந்தது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டரைக் கொண்டு ஒலிபரப்பு தொடங்கியது. பணத்தட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றுபோக, கருவிகள் சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தன. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் மாலை வேளைகளில் ஒலிபரப்பியது. ரேடியோப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் மெரினாவிலும் பூங்காக்களிலும் வைத்த ஒலிபெருக்கிகளின் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு நகராட்சி தன் மக்களுக்கு இசையைப் பொதுச்சொத்தாகக் கொடுத்த இந்த எட்டாண்டு முயற்சி, பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை.

பம்பாயில் 1927 ஜூலை 23 அன்று தொடங்கிய தனியார் ஒலிபரப்புக் கம்பெனி ஆண்டுக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணத்தை நம்பியிருந்தது. அது தாக்குப்பிடிக்கவில்லை. 1930-இல் அரசு பொறுப்பேற்றது. பி.பி.சி.யிலிருந்து வந்த லயனல் ஃபீல்டன் 1935-இல் ஒலிபரப்புக் கட்டுப்பாட்டாளர் ஆனார். மறு ஆண்டு ஜூன் 8 அன்று அகில இந்திய வானொலி என்ற பெயர் ஏற்பட்டது. ஒரே அலைவரிசையில் எல்லாருக்கும் எல்லாமும் என்ற பி.பி.சி. முறையே இங்கும் முன்மாதிரி ஆயிற்று. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று எழும்பூரில் தொடங்கியது. திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று வந்தது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்கில் இருந்த வானொலி நிலையங்கள் ஆறே ஆறு. அவற்றில் இரண்டு தமிழ்நாட்டில் இருந்தன.

நாளின் அமைப்பு

ஒரு நாள் ஒலிபரப்பு காலை, நண்பகல், மாலை என்று மூன்று பகுதிகளாகப் பிரிந்திருந்தது. விடியற்காலையில் வால்டர் காஃப்மன் அமைத்த அடையாள இசை, பிறகு வந்தே மாதரம், அடுத்து மங்கள இசை, அதன்பின் பக்திப் பாடல்கள். மார்கழியில் திருப்பாவையும் திருவெம்பாவையும் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டன. காலை 7.15-க்கு டெல்லியில் வாசிக்கும் தமிழ்ச் செய்தியைத் தமிழ் நிலையங்கள் அஞ்சல் செய்தன. பல குடும்பங்களில் சுவர்க் கடிகாரத்துக்கு அந்தச் செய்திதான் அதிகாரி. பகலில் மகளிர் நிகழ்ச்சியும் பள்ளி ஒலிபரப்பும் இருந்தன. மாலையில் கிராம நிகழ்ச்சி, பேச்சு, கச்சேரி. இரவு 9 மணிக்கு ஆங்கிலச் செய்தி. அதன்பின் நாடகமோ நீண்ட இசை நிகழ்ச்சியோ வரும். எந்த நாள், எந்த நேரம், எந்த வகை நிகழ்ச்சி என்பதை நிலையம் ஒரு நிலையான அட்டவணையில் முன்கூட்டியே வகுத்துவிடும். நேயர்களுக்காக ‘வானொலி’ என்ற இதழில் நிகழ்ச்சி விவரங்கள் அச்சாகி வந்தன.

இந்த நாளை நிரப்பியவர்களில் எழுத்தாளர்கள் பலர். தி. ஜானகிராமன் சென்னை நிலையத்தில் கல்வி ஒலிபரப்பைக் கவனித்தார். அகிலன் பேச்சு நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளராக இருந்தார். மீ. ப. சோமுவும் சுகி சுப்பிரமணியமும் வானொலிப் பணியில் இருந்தவர்களே. சிறுவர் நிகழ்ச்சியின் ‘வானொலி அண்ணா’வாகக் கூத்தபிரானை ஒரு தலைமுறை அறியும். பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும், படிப்பறியாதவருக்கும் விளங்க வேண்டும் என்ற கட்டாயம் தமிழ் உரைநடைக்கு நல்ல பயிற்சியாக அமைந்தது. மேடைப் பேச்சில் எதுகை மோனை ஓங்கியிருந்த காலத்தில், எதிரில் இருக்கும் ஒருவரோடு பேசுவதுபோல் பேசும் நடையை வளர்த்தது வானொலி. வேளாண்மை படித்தவரான தென்கச்சி கோ. சுவாமிநாதன் திருநெல்வேலி நிலையத்திலிருந்து சென்னைக்கு வந்து நடத்திய ‘இன்று ஒரு தகவல்’ அந்த நடையின் உச்சம்.

நாடகம்

வானொலி நாடகத்துக்குத் திரையும் ஒப்பனையும் கிடையாது. நடிகர்கள் மைக்கைச் சுற்றி நிற்பார்கள். தாள் சரசரத்தால் அது நாடகத்துக்குள் கேட்டுவிடும் என்பதால் வசனத் தாள்களைக் கோத்து வைப்பதில்லை. படித்து முடித்த தாளைச் சத்தமில்லாமல் நழுவவிடுவார்கள். கதையில் ஒருவர் வாசலிலிருந்து உள்ளே வரவேண்டும் என்றால், நடிகர் மைக்கை விட்டுச் சில அடி தள்ளி நின்று பேச்சைத் தொடங்கி, பேசிக்கொண்டே நெருங்குவார். குதிரைக் குளம்பொலிக்குத் தேங்காய்ச் சிரட்டை போதும். பார்க்க முடியாத இடத்தையும் உருவத்தையும் கேட்பவரே தம் மனத்தில் அமைத்துக்கொண்டார். 1956-இல் தொடங்கிய தேசிய நாடக நிகழ்ச்சியில் ஒரு மொழி நாடகத்தைப் பிற இந்திய மொழிகளில் பெயர்த்து, எல்லா நிலையங்களும் ஒரே இரவில் ஒலிபரப்பின. வங்காள, மராத்தி, கன்னட நாடகங்கள் தமிழ் வீடுகளுக்குள் வந்தது இந்த வழியாகத்தான். புத்தகக் கடையையே பார்க்காத ஊர்களுக்கும் அவை போய்ச் சேர்ந்தன.

இசையும் திரைப்பாடலும்

சபாவுக்கு டிக்கெட் வாங்கிப் போகமுடியாதவருக்குக் கச்சேரியைக் கொண்டுவந்து கொடுத்ததே தமிழ் வானொலியின் முதற்பெரும் தொண்டு. குரல் தேர்வு நடத்தி, கலைஞர்களுக்குத் தர வரிசை அளித்து, சிற்றூர்க் கலைஞருக்கும் வானொலி சன்மானம் கொடுத்தது. 1952 ஜூலை 20 அன்று தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. செம்மங்குடி சீனிவாச ஐயர் சென்னை நிலையத்தில் கர்நாடக இசைக்குப் பொறுப்பு வகித்தார். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையின் பஞ்சரத்தினக் கிருதிகளை நேரடியாகக் கேட்கும் வாய்ப்பும் வானொலியால் வந்தது.

இதே நிறுவனம் இசையில் தவறான முடிவுகளும் எடுத்தது. 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியத்தைத் தடை செய்து, 1971-இல்தான் தளர்த்தியது. அதைவிடப் பெரிய தவறு திரைப்பாடல் விஷயத்தில் நேர்ந்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்கள் வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. நேயர்கள் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1957 அக்டோபர் 3 அன்று, விவித பாரதி தொடங்கியது. பாட்டு திரும்பி வந்தது. ஆனால் தனி அலைவரிசையில் வந்தது. பாட்டுக்காக வந்து பேச்சையும் நாடகத்தையும் கேட்டுப் போன நேயரை முதன்மை ஒலிபரப்பு இழக்கத் தொடங்கியது அப்போதுதான்.

வயலும் வாழ்வும்

கலப்பு ஒலிபரப்பு எதைச் சாதிக்கும் என்பதைத் திருச்சி காட்டியது. பஞ்சாயத்து அலுவலகத்து ரேடியோவின் முன் கூடிய உழவர்கள் பாட்டோடும் உரையாடலோடும் பயிர்த்தொழில் செய்தியையும் கேட்டார்கள். 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆய்வு நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 27 என்ற குறுவை நெல்லைப் பயிரிடும் முறையைத் திருச்சி வானொலி விளக்கமாகச் சொன்னது. தஞ்சை உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். நேயர்கள் ஒலிபரப்பின் பெயரைப் பயிருக்குச் சூட்டியதைவிடச் சிறந்த பாராட்டை எந்த நிலையமும் பெற்றிருக்க முடியாது.

பின்னாளில்

திருநெல்வேலி நிலையம் 1963-லும், கோயம்புத்தூர் 1966-லும், நாட்டின் முதல் உள்ளூர் நிலையமாக நாகர்கோவில் 1984-லும் சேர்ந்தன. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. தொலைக்காட்சி மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டது. 1997-இல் வானொலி பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்தது. தனியார் பண்பலை நிலையங்கள் பாட்டைத் தவிர மற்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. சென்னை 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ் என்னும் பழைய மத்திய அலைகளே கலப்பு நிகழ்ச்சியின் வீடாக நிலைத்தன.

ஒலிநாடா விலை மிகுந்த பொருளாக இருந்ததால், ஒலிபரப்பிய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்ததைப் பதிவு செய்வது நெடுநாள் வழக்கம். கச்சேரிகள் ஓரளவு காப்பகத்தில் தப்பின. அன்றாடப் பேச்சுகளும் நாடகங்களும் பெரும்பாலும் தப்பவில்லை. வீட்டில் கேசட்டில் பதிந்து வைத்த பழைய நாடகமோ, ‘வானொலி’ இதழின் பழைய பிரதியோ உள்ளவர்கள், நாடா கெட்டுப்போவதற்குள் அதை ஒரு நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒப்படைக்க வேண்டும்.