பக்கத்துக் கொல்லை போர்

வறட்சி வரும்னு தெரிஞ்சும் நீங்கள்லாம் ஏன் முன்கூட்டியே எதுவும் செய்யறதில்லைன்னு சென்னையிலிருந்து வந்த மச்சான் கேட்டார். செய்யாமல் இல்லைங்க. எந்தக் காலத்தில் எதற்குப் பயந்தோமோ, அதற்குத் தகுந்த மாதிரி செய்தோம்.

எங்க தாத்தா பயந்தது வானத்துக்கு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை அவர் பார்த்ததில்லை, கேட்டு வளர்ந்தவர். அதனால் குதிரில் கேழ்வரகு இல்லாமல் வைக்க மாட்டார். ஏரிக்கால்வாய் தூர் எடுக்க வீட்டுக்கு ஒரு ஆள் போகணும். கிணற்றில் கவலை ஓட்டினார்கள். மாடு கட்டி சாலில் தண்ணீர் இறைக்கிறதுக்கு இங்கே அதுதான் பேர். மாடு களைச்சா இறைப்பு நிற்கும், ராத்திரியில் கிணறு ஊறிக்கும்.

கரண்ட் மோட்டார் களைக்கவே இல்லை. 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகக்காரர்கள் சேர்ந்து எங்க வட ஆற்காட்டுக் கிராமங்களில் புது நெல்லையும் பம்புசெட்டையும் ஆராய்ந்தார்கள். 1980-களில் வேறு குழு வந்தது. 1982-83 வறட்சி வருஷமாப் போச்சு. அதுக்குள்ள எங்க பயம் வானத்தை விட்டு இறங்கி பக்கத்துக் கொல்லைக்கு வந்துடுச்சு. அவர் ஆழப்படுத்தினா என் ஊத்து அவருக்குப் போயிடும். மின்சாரமும் இலவசம் ஆனபின் விட்டு வைக்க யாருக்கு மனசு வரும்?

அப்பாவோட 40 அடிக் கிணறு வத்தினதும் நான் 300 அடி போர் போட்டேன். அவர் 500. நான் 700. இங்கே அடியில் பாறை. தண்ணீர் நிற்கிறது அதில் உள்ள வெடிப்பில்தான். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். இதை எனக்கு யாரும் சொல்லாமல் இல்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கதை வேற. அங்கே கிணற்றில் தண்ணீர் இருந்தும் தோல் கழிவு கலந்து கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கொடுக்கணும்னு தீர்ப்பு சொன்னது. இன்னைக்கு எங்க ஊர்ப் பெண்கள் அதே பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு வேன் ஏறிப் போறாங்க. என் மருமகளும்தான். அதுவும் வறட்சிக்கு நாங்க கண்ட வழி. அந்தச் சம்பளம்தான் போர் கடனுக்கு வட்டி கட்டுது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி மாநிலமா அறிவிச்சாங்க. அந்தக் கோடையில் 850 அடி இறக்கினேன். வெள்ளைக் கல்தூள்தான் பறந்தது. துணியில் அப்பிய தூளைத் தட்டிவிட்டு என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசலை.

அதே சமயம் கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் 100 நாள் வேலைப் பெண்கள் உறை இறக்கி, மழைத் தண்ணியை பூமிக்குள்ள விட்டுக்கிட்டு இருந்தாங்க. நானும் பக்கத்துக் கொல்லைக்காரரும் பைக்கில் போய்ப் பார்த்துட்டு வந்தோம். திரும்பும்போது, இனி ரெண்டு பேரும் போர் போடறதில்லைன்னு பேசிக்கிட்டோம். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்ட வருஷம் அப்பா கிணறு வழிஞ்சது. பேச்சு அதுவரைக்கும் நின்னது.

போன வாரம் அவர் போர் வண்டிக்கு முன்பணம் கொடுத்துட்டார்னு டீக்கடையில் சொன்னாங்க. இன்னும் அவர்கிட்ட கேட்கலை. கேட்கிறதா, நானும் ஒரு வண்டிக்குச் சொல்லி வைக்கிறதான்னு ரெண்டு ராத்திரியாத் தூக்கம் இல்லை.